தேர்வுச் சீர்திருத்தத்துக்கு வழிகாட்டிய திருப்பதி மாணவர் ராதாகிருஷ்ணன்

குடியரசுத் தலைவராக உயர்ந்த ஆசிரியர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், மாணவரின் கற்றலை அளவிடும் முறையிலும் மாற்றம் கோரியவர்.

1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி, பின்னாளில் சித்தூர் மாவட்டத்தில் சேர்க்கப்பட்டு 1960-இல் தமிழகத்துடன் இணைந்த திருத்தணியில் பிறந்தார். 1896 முதல் 1900 வரை திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில் பயின்றார். சென்னையில் ஆசிரியராகப் பணியாற்றிய காலத்தில், 1912-இல் அவர் எழுதிய உளவியல் பாடநூல் வெளியானது.

1948-இல் அவரது தலைமையில் அமைக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்வி ஆணையம், மறு ஆண்டு அறிக்கை அளித்தது. திருத்துபவருக்கு ஏற்ப மதிப்பெண் மாறும் கட்டுரை வடிவத் தேர்வின் குறைகளை அது சுட்டிக்காட்டியது. அறிவியல் முறையிலான கொள்குறி வகைத் தேர்வுகளை ஆராயவும், மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை வகுப்புப் பணிக்கு ஒதுக்கவும் பரிந்துரைத்தது.

ராதாகிருஷ்ணன் 1975 ஏப்ரல் 17-இல் சென்னையில் காலமானார். இன்றைய அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் அப்பரிந்துரையின் நோக்கம் தொடர்கிறது.