திருவனந்தபுரத்துக்கு விமானம் வரப் பாடுபட்ட கோதவர்ம ராஜா

சங்குமுகம் கடற்கரைக்குக் காற்று வாங்கப் போகிறவர்கள், பக்கத்தில் தாழ்ந்து வரும் விமானத்தை அண்ணாந்து பாராமல் திரும்புவதில்லை. அந்த விமான நிலையம் இந்நகருக்கு வாய்க்க முன்னின்று உழைத்தவர் லெப்டினன்ட் கர்னல் பி.ஆர்.கோதவர்ம ராஜா. ஜி.வி.ராஜா என்றால் கேரளத்தில் பள்ளிச் சிறுவரும் அறிவர். விளையாட்டு, சுற்றுலா, விமானப் பயணம் ஆகிய மூன்றையும் வளர்த்த அவரது வாழ்வு, விமான விபத்திலேயே முடிந்தது.

பூஞ்சார் பிள்ளை

கோட்டயம் மாவட்டத்தில் மலையடிவாரத்தில் உள்ள ஊர் பூஞ்சார். அங்குள்ள அரச குடும்பத்தில் 1908-ம் ஆண்டு அக்டோபர் 13-ந்தேதி பிறந்தார் கோதவர்ம ராஜா. மதுரைப் பாண்டியர் வழி வந்தவர்கள் என்பது அக்குடும்பத்தாரின் மரபு. இன்றும் பூஞ்சாரில் மீனாட்சி அம்மனுக்குக் கோயில் உண்டு.

1934-ல் திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் தங்கை கார்த்திகைத் திருநாள் லட்சுமிபாயை மணந்தார். மருமக்கள் தாய முறைப்படி அரச பட்டம் சகோதரியின் பிள்ளைகளுக்கே சேரும். சகோதரியின் கணவருக்கு அதில் உரிமை கிடையாது. அரண்மனை மாப்பிள்ளையாகச் சுகமாக இருந்திருக்கலாம். அவரோ டென்னிஸ், கிரிக்கெட், விமானப் பயிற்சிக் கழகம் என்று ஊருக்குப் பயன்படும் வேலைகளில் இறங்கினார்.

முதல் விமானம்

1935-ம் ஆண்டு. பம்பாயிலிருந்து புறப்பட்ட டாட்டா நிறுவனத்தின் விமானம் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியது. ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். ஜே.ஆர்.டி. டாட்டாவுடன் சேர்ந்து இந்தியாவில் விமானத் தபால் சேவையைத் தொடங்கியவர் அவர். மன்னரின் பிறந்த நாளுக்கு வைசிராய் வில்லிங்டன் அனுப்பிய வாழ்த்துக் கடிதமும் அந்த விமானத்தில் வந்தது.

'பாக்ஸ் மாத்' என்ற அந்த விமானம் இரட்டை அடுக்கு இறக்கை கொண்டது. எஞ்சின் 130 குதிரை சக்தி. பயணிகள் மூடிய சிறு அறையில் முன்னே அமர, விமானி பின்னே வெளிக்காற்றில் அமர்ந்து ஓட்டுவார். அன்று குமரி முனை வரை திருவிதாங்கூர் ராஜ்யமே. ஆகவே நாகர்கோவில் தமிழருக்கும் தலைநகர் விமான நிலையம் இதுவே. 21 ஆண்டுகள் கழித்து, 1956-ல் நவம்பர் முதல் தேதியன்றுதான் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது.

விமானியின் கணக்கு

விமானப் பயிற்சியில் சேருகிறவர் முதலில் கற்பது கணக்கு. விமானம் எழும்ப அதன் இறக்கைகளின் மீது போதிய வேகத்தில் காற்று ஓட வேண்டும். எதிர்க்காற்று வீசினால் அந்த வேகத்தில் ஒரு பகுதி இலவசமாகக் கிடைக்கிறது. எழும்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு எதிர்க்காற்று இருந்தால், தரையில் ஓட வேண்டிய தூரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மாறாக, சுமை பத்தில் ஒரு பங்கு கூடினால் ஓட்டத்தின் தூரம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். பயணியின் பெட்டியைத் தராசில் வைப்பது வெறும் கட்டணத்துக்காக மட்டுமல்ல.

இறங்கும்போதும் கணக்குதான். ஒரு வேகத்துக்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது. அந்த வேகத்தைப் போல் சுமார் 1.3 மடங்கில் ஓடுபாதையை நெருங்குவது வழக்கம். அதைவிடக் குறைந்தால் ஆபத்து. கூடினால் விமானம் நிற்க நெடுந்தூரம் பிடிக்கும்.

சங்குமுகம் இதற்கு வாகான இடம். கடல் மட்டத்தை ஒட்டிய தரையில் காற்று அடர்த்தியாக இருக்கிறது. மேற்கே தடுக்க மலை இல்லை, விரிந்த கடல்தான். ஓடுபாதை இப்போது சுமார் 3,400 மீட்டர் நீளம். அதன் இரு முனைகளிலும் 14, 32 என்று எழுதியிருப்பது திசைகாட்டியின் 140, 320 பாகைகளைக் குறிக்கும். காற்று வீசும் திசையைப் பார்த்து எந்த முனையிலிருந்து ஓடுவது என்று தீர்மானிப்பார்கள்.

மலையில் கணக்கு மாறும். 1,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெயில் ஏறினால் இன்னும் குறையும். எஞ்சின் சக்தியும் இறக்கையின் தாங்கும் பலமும் தளரும். குறுகிய பள்ளத்தாக்கில் விமானத்தை 60 பாகை சாய்த்துத் திருப்பினால், இறக்கை இரு மடங்கு எடையைச் சுமக்க வேண்டியிருக்கும்.

குலுவில் முடிந்த பயணம்

சுதந்திரத்துக்குப் பின் கோதவர்ம ராஜாவின் பணிகள் பெருகின. 1954-ல் அமைந்த திருவிதாங்கூர்-கொச்சி விளையாட்டுக் கழகத்துக்கு அவரே முதல் தலைவர். பிறகு அது கேரள விளையாட்டுக் கழகமாயிற்று. கோவளம் கடற்கரையை வெளிநாட்டாருக்கு அறிமுகப்படுத்தியவர்களிலும் அவர் முதன்மையானவர். அன்று அங்கு இருந்ததெல்லாம் மீனவர் குடிசைகளும் தென்னையுமே. இன்று அந்த ஓரத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்கு அடுப்பெரிகிறது.

1971-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந்தேதி, இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் நேர்ந்த விமான விபத்தில் அவர் காலமானார். அப்போது வயது 62. தம் ஊருக்கு விமானம் வர வழி செய்தவரை, ஆயிரம் மைல்களுக்கும் அப்பால் விமானமே கொண்டு போயிற்று.

சிறந்த வீரர்களுக்குக் கேரள அரசு வழங்கும் விருது அவர் பெயரால் அமைந்தது. அவர் பெயரில் விளையாட்டுப் பள்ளியும் நடக்கிறது. 1991-ல் திருவனந்தபுரம் சர்வதேச விமான நிலையமாயிற்று. வளைகுடா நாட்டுக்குப் பிழைக்கப் போன குமரி, நெல்லைக்காரர்கள் பலரும் கண்ணீரோடு விடைபெற்றதும் சிரிப்போடு வந்திறங்கியதும் இங்கேதான்.

ஆண்டுக்கு இரு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், பத்மநாப சுவாமி ஆராட்டுக்காக ஓடுபாதை சில மணி நேரம் மூடப்படுகிறது. சுவாமி ஓடுபாதையைக் கடந்து கடலுக்கு எழுந்தருளுகிறார். அவர் திரும்பிய பிறகுதான் விமானங்கள் எழும்பும். கடலும் கோயிலும் விமானமும் கூடும் இந்த இடம் உள்ளவரை கோதவர்ம ராஜாவின் பெயரும் நிற்கும்.