அசிட்டோனுக்கும் ஒரு நாட்டின் அதிபருக்கும் என்ன தொடர்பு?

நெயில் பாலிஷ் ரிமூவரைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை அடிக்குமே, பெரும்பாலும் அது அசிட்டோன்தான். கீட்டோன் குடும்பத்திலேயே மிக எளிய மூலக்கூறு. தண்ணீரோடும் கலக்கும், பெயின்ட், பசை, சில பிளாஸ்டிக்குகளையும் கரைக்கும், வேலை முடிந்ததும் சட்டென்று ஆவியாகிவிடும். இந்தக் குணம்தான் ஹைம் வைஸ்மான் என்ற வேதியியல் ஆசிரியரின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்டது.

1874-ல், இன்றைய பெலாரஸில் உள்ள மோத்தல் என்ற சிற்றூரில் மர வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தார். ஜெர்மனி, சுவிட்சர்லாந்தில் படித்து 1899-ல் முனைவர் பட்டம் பெற்றார். 1904-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் தேடியது அசிட்டோனை அல்ல. செயற்கை ரப்பருக்கு உதவும் பியூட்டனாலை. மக்காச்சோள மாவைப் புளிக்க வைக்கும் ஒரு பாக்டீரியா அவருக்குக் கிடைத்தது. அது சுமார் 6 பங்கு பியூட்டனால், 3 பங்கு அசிட்டோன், 1 பங்கு எத்தனால் தந்தது. அசிட்டோன் கூடவே வந்த உபரிச் சரக்கு, அவ்வளவுதான்.

1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் கணக்கே மாறியது. பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கான கார்டைட் வெடிமருந்து செய்ய, நைட்ரோசெல்லுலோஸையும் நைட்ரோகிளிசரினையும் அசிட்டோன் விட்டுப் பிசைவார்கள். மாவு பதத்துக்கு வந்ததும் இடியாப்பம் பிழிகிற மாதிரி கயிறாகப் பிழிந்து உலர்த்துவார்கள். அசிட்டோன் ஆவியாகிப் போய்விடும். அதுவரை மரத்தைக் காற்றில்லாமல் சுட்டுத்தான் அசிட்டோனுக்கு மூலப்பொருள் எடுத்தார்கள். போருக்கு அது எப்படிப் போதும்?

கடற்படைக்குப் பொறுப்பாக இருந்த சர்ச்சில் அவரை அழைத்துப் பேசினார். லண்டனில் ஒரு ஜின் சாராய ஆலையில் வைஸ்மானின் முறை சோதிக்கப்பட்டது. பிறகு கனடாவிலும் உற்பத்தி நடந்தது. 1917-ல் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பள்ளிப் பிள்ளைகளை விட்டுக் குதிரைச் செஸ்ட்நட் கொட்டைகளைக்கூடப் பொறுக்கிப் பார்த்தார்கள், பெரிய பலனில்லை.

அதே ஆண்டு, பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் அமைய ஆதரவு தரும் பால்ஃபர் பிரகடனம் வெளியானது. அங்கே பெரும்பான்மையாக வாழ்ந்த அரபு மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை. அதன் விளைவு இன்றும் ஓயவில்லை. அசிட்டோனுக்குக் கிடைத்த பரிசுதான் அது என்று ஒரு கதை உண்டு. வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆனால், யூதத் தாயகத்துக்காகப் பேசிய வைஸ்மானுக்குப் பெரிய இடத்துக் கதவுகளை அந்த ஆய்வு திறந்துவிட்டது நிஜம்.

1942-ல் பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த இளைய மகனைப் போரில் பறிகொடுத்தார். 1949-ல் இஸ்ரேலின் முதல் அதிபரானார், 1952-ல் காலமானார். இன்று அசிட்டோன் பெரும்பாலும் பெட்ரோலியப் பொருட்களிலிருந்தே வருகிறது. அவருடைய பாக்டீரியாவை மட்டும், பியூட்டனாலை எரிபொருளாக்க முடியுமா என்ற கேள்வியோடு ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்க்கிறார்கள்.