துருவின் இரண்டாவது வீட்டைக் கண்டுபிடித்தவர்

துரு நோய் வந்த நிலக்கடலை இலையின் அடிப்பக்கத்தைத் தடவினால் செம்பழுப்புப் பொடி விரலில் ஒட்டும். இதே குடும்பத்துப் பூசணம்தான் ஐரோப்பாவில் கோதுமையைப் படுத்தியது. வேலியில் பார்பெரி என்ற முட்செடி இருந்தால் துரு அதிகம் என்று அங்குள்ள விவசாயிகள் தலைமுறைகளாகச் சொல்லிவந்தார்கள். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1726-லேயே அந்தச் செடியை அழிக்கச் சட்டம் வந்தது. ஆனால், படித்தவர்களில் பலர் நம்பவில்லை. கோதுமையில் இருப்பது சிவப்பு, கறுப்புப் பொடி. பார்பெரி இலையில் இருப்பதோ ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பெயரே வைத்திருந்தார்கள்.

இந்த வழக்கைத் தீர்த்தவர் அன்டன் டி பாரி. 1831-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் மருத்துவரின் மகனாகப் பிறந்தார். அவரும் மருத்துவம்தான் படித்தார்; ஆனால், கொஞ்ச காலத்திலேயே தாவரவியலுக்குப் போய்விட்டார். நோயுற்ற பயிரிலிருந்து பூசணம் பிறப்பதில்லை, பூசணத்தால்தான் நோய் வருகிறது என்று 1853-ல் எழுதியபோது அவருக்கு வயது 22.

1865-ல், குளிர்காலம் கடந்த கறுப்பு வித்துகளை முளைக்க வைத்துப் பார்த்தார். தானியப் பயிரின் இலையில் அவை தொற்றவில்லை. பார்பெரியில் தொற்றி, அதே ஆரஞ்சுக் கிண்ணங்களை உண்டாக்கின. கிண்ணத்து வித்தோ தானியப் பயிரில் துருவை உண்டாக்கியது. விவசாயிகள் சொன்னது சரி!

எனக்குப் பிடித்தது ஆல்ப்ஸ் மலையில் அவர் கண்டதுதான். அங்குள்ள ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தில் சில ஆண்டுகளில் புது ஊசிகள் மட்டும் மஞ்சளாகி உதிரும். பழைய ஊசிகளுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குக் காரணமான துரு, தன் மறுபாதி வாழ்க்கையை ரோடோடென்ட்ரான் புதரில் கழிக்கிறது என்று 1879-ல் காட்டினார். நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப் பூவரசின் உறவுச் செடி அது. ஸ்புரூஸ் வேர்விட்ட இடத்திலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நிற்கும். துருவோ புதருக்கும் மரத்துக்குமாக வீடு மாறிக்கொண்டே இருக்கும். உயிருள்ள இலையில்தான் அதற்குச் சாப்பாடு. ஊசிகள் உதிர்ந்தாலும் மரம் பெரும்பாலும் சாவதில்லை. அடுத்த ஆண்டு மறுபடி துளிர்க்கும்.

டி பாரி 1888-ல், 56 வயதில், ஸ்ட்ராஸ்பர்க்கில் இறந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1918-ல், அமெரிக்கா பார்பெரியை வேரோடு ஒழிக்கும் பெரிய வேலையைத் தொடங்கியது.

நம் நிலக்கடலைத் துருவுக்கு இப்படி இன்னொரு வீடு இதுவரை கண்டறியப்படவில்லை. அறுவடைக்குப் பிறகு வயலில் தானாக முளைக்கும் கடலைச் செடிகளிலேயே அது அடுத்த பட்டத்துக்குக் காத்திருக்கும்.