வள்ளல் அழகப்பரும் எங்கள் ஊர் பேட்டரிக் கடையும்

(மூன்றாமாண்டு இளம் அறிவியல், வேதியியல்)

செல்வம் ஈட்டுவோர் எந்நாட்டிலும் உண்டு. ஈட்டியதைப் பிறர்க்கு ஈந்தோரும் உண்டு. ஆனால், தாம் கொடுப்பது நாளை என்ன பயன் தரும் என்று தமக்கே முழுதும் தெரியாத ஒன்றுக்காக வாரி வழங்கியவர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் கல்லூரியைத் தோற்றுவித்த வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார் அவர்கள்.

அவர் பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம்; நம் அடையாள அட்டையிலேயே அப்பெயர் இருக்கிறது. ஆயினும், அவரை நான் உண்மையாக அறிந்துகொண்டது இங்கே சேர்ந்து இரண்டாண்டு சென்ற பின்னர்தான். அதற்குக் காரணம் எங்கள் ஊர் பேட்டரிக் கடை என்றால் நண்பர்கள் வியப்படையக்கூடும்.

என் ஊர் சாணார்பட்டி. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில் உள்ளது. ஒருபுறம் சிறுமலை, சுற்றிலும் மாந்தோப்புகள். அச்சாலையோரத்தில் என் தந்தையார் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். டிராக்டர், லாரி, மைக்செட் ஆகியவற்றின் பேட்டரிகளுக்கு மின்னேற்றம் செய்வதும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவதும், பழுது பார்ப்பதும் அவர் தொழில். ஆசிட் தெறித்து ஓட்டை விழாத வேட்டி அவரிடம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கடைதான் என்னைப் படிக்க வைத்தது.

சென்ற ஆண்டு விடுமுறையில் நான் கடையில் இருந்தபோது, ஒருவர் மின்சார ஸ்கூட்டர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். தந்தையார் அதன் பேட்டரியைக் கழற்றிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். மூடி இல்லை, ஆசிட் இல்லை, ஹைட்ரோமீட்டரை விடுவதற்கு ஒரு துளைகூட இல்லை. முப்பது ஆண்டுகளாக இத்தொழில் செய்தவர், முதன்முறையாகத் தமக்குத் தெரியாது என்று சொல்லி ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பினார். அன்றிரவு உணவு உண்ணும்போது, இந்தப் புதுப் பேட்டரிக்குள் என்ன இருக்கிறது, இதை நம் நாட்டில் எவரேனும் செய்கிறார்களா என்று என்னைக் கேட்டார். வேதியியல் மாணவனாகிய நான் விடை தெரியாமல் தலைகுனிந்தேன்.

அவ்விடையைத் தேடி நான் வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. நத்தம், கொட்டாம்பட்டி, சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியாக நான் பேருந்தில் வந்து இறங்கும் இதே காரைக்குடியில், இதே கல்லூரிச் சாலையில்தான் அது இருந்தது. மத்திய மின் வேதியியல் ஆய்வகம்! இரண்டாண்டுகளாக அதன் வாயிலைக் கடந்து சென்றிருக்கிறேன்; உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. அந்த ஆய்வகம் இங்கு வந்த கதையே வள்ளலின் கதையும் ஆகும்.

1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் அழகப்பர் பிறந்தார். வட்டித் தொழிலிலும் கடல் கடந்த வணிகத்திலும் கொடிகட்டிப் பறந்த நகரத்தார் மரபு அது. அம்மரபில், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆனார். அங்கே அவர் கற்றுக்கொண்ட இன்னொன்றும் உண்டு: விமானம் ஓட்டுதல்! விமானிக்குரிய உரிமத்தையும் பெற்றுத் திரும்பினார்.

தாயகம் திரும்பியவர், பிறர் செய்த தொழிலையே தாமும் செய்து அமைதி கொள்ளவில்லை. கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் நூற்பாலை கண்டார். அவ்விடம் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. விமானப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். வெள்ளையர் அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றபின் அதனைத் துறந்தார்.

பொருளீட்டிய அதே விரைவில் அவர் கொடுக்கவும் தொடங்கினார். சென்னை கிண்டியில் 1944-இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரி அவர் கொடையால் எழுந்து, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1947-இல் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் நினைவாக நடந்த கூட்டமொன்றில், பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் நிறுவ முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொண்டார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் காரைக்குடியில் ஒரு கல்லூரி காண்பதாக அங்கேயே அறிவித்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே கல்லூரி தொடங்கிவிட்டது. அதுவே நாம் பயிலும் இக்கல்லூரி.

இனி ஆய்வகத்துக்கு வருவோம். விடுதலை பெற்ற இந்தியாவில், அறிவியல் தொழிலியல் ஆய்வுக் குழுவின் தலைமை இயக்குநர் டாக்டர் சாந்தி சுவரூப் பட்நாகர், நாடெங்கும் தேசிய ஆய்வகங்களை அமைக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். மின் வேதியியலுக்கும் ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அதனைப் பெறுவதற்காக அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தர முன்வந்தார். இதைக் காகிதத்தில் படிக்கையில் எளிதாகத் தோன்றும். 1948-இல் 15 இலட்சம் என்பதை எண்ணிப் பாருங்கள்! வானம் பார்த்த செம்மண் பூமி. பெருந்தொழில்கள் இல்லாத ஊர். இங்கே மின் வேதியியல் என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருந்தவர்களே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

1948 ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் திருநாளை ஒட்டி, குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் ஆய்வகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அந்நாளில் பேட்டரி என்றால் பெரும்பாலும் ஈய அமிலப் பேட்டரிதான். பிரான்சு நாட்டின் பிளாந்தே 1859-இல் கண்ட அதே முறை. என் தந்தையார் கடையில் இருப்பதும் அதன் வழிவந்ததே. லித்தியம் அயனி மின்கலம் 1991-இல்தான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, அழகப்பர் நிலம் கொடுத்தபோது இப்புதிய மின்கலம் எவர் கனவிலும் இல்லை. அவர் பேட்டரிக்காகக் கொடுக்கவில்லை. ஆராய்ந்து பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்.

ஆய்வகத்தைப் பொதுமக்கள் காணத் திறந்துவிடும் நாளொன்றில் நானும் உள்ளே சென்றேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியே கைவிட்டு, சட்டைப் பொத்தான் அளவேயான ஒரு மின்கலத்தை ஓர் ஆய்வு மாணவர் செய்து காட்டினார். இதைச் செய்யத் தெரிந்துவிட்டதே, பின் ஏன் ஊரெங்கும் தொழிற்சாலை இல்லை என்று கேட்டேன். அதற்கு அவர் விளக்கிய செய்தி என் கண்ணைத் திறந்தது.

வீட்டில் ஐந்து பேருக்குச் சாம்பார் வைப்பவர், கல்யாணப் பந்தியில் ஐந்நூறு பேருக்கு அதே பக்குவத்தில் வைத்துவிட முடியுமா? மின்கலமும் அப்படித்தான். கிராம் கணக்கில் வென்றது, கிலோ கணக்கில் தோற்கும். தோசை மாவு போன்ற குழம்பைத் தாமிரத் தகட்டிலும் அலுமினியத் தகட்டிலும் தலைமயிரின் தடிமனளவே பூச வேண்டும். மேடு பள்ளம் கூடாது. உலர்த்தி, உருளையில் அழுத்தி, வெட்டிச் சுருட்ட வேண்டும். மின்பகுபொருள் ஊற்றும் அறையில் ஈரம் அறவே ஆகாது. ஈரம் பட்டால் உள்ளிருக்கும் உப்பு சிதைந்து அமிலமாகிவிடும். இவற்றையெல்லாம் சிறிய அளவில் செய்து, தோற்று, திருத்தி, மீண்டும் செய்யும் இடத்துக்கே பைலட் பிளாண்ட் என்று பெயர். சோதனைக் குடுவைக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் உள்ள படி அது. இலாபம் வராத படியாதலால் அதில் பணம் போடுவோர் அரிது.

அந்தப் படியையும் இவ்வாய்வகம் கட்டியிருக்கிறது. சென்னை தரமணியில் உள்ள அதன் கிளையில், லித்தியம் அயனி மின்கலங்களை மாதிரியாகச் செய்யும் கூடம் அமைக்கப்பட்டது. டெல்லி, கொல்கத்தா, ஐதராபாத் நகரங்களிலுள்ள உடன்பிறப்பு ஆய்வகங்களும் துணை நின்றன. 2018 ஜூனில், உள்நாட்டிலேயே உருவான இத்தொழில்நுட்பத்தைத் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தந்தையார் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

விமானம் ஓட்டுபவருக்கும் பைலட் என்றே பெயர் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. வழி தெரியாத வானில் முன்னே செல்பவர் அவர். நம் வள்ளல் அவ்விரு பொருளிலும் பைலட்டாகவே வாழ்ந்திருக்கிறார்!

1956-இல் அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. அதற்குள் நோய் அவரை வாட்டிவிட்டது. பொறியியல், ஆசிரியர் பயிற்சி எனக் காரைக்குடியைக் கல்வி நகராக்கிய அப்பெருமகன், 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் மறைந்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு வயது 48.

ஊருக்குச் சென்று இவற்றையெல்லாம் தந்தையாரிடம் சொன்னேன். பணம் இருந்தவர் கொடுத்தார், இதில் என்ன பெரிது என்பார் என எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. விளையுமா என்று தெரியாத நிலத்தில் விதைநெல்லைக் கொட்டுவதற்குத் தனி மனம் வேண்டும் என்றார். பிறகு, அந்தப் புதுப் பேட்டரியைப் பழுது பார்க்கத் தம் வயதில் கற்றுக்கொள்ள முடியுமா என்று மெல்லக் கேட்டார். முடியும் என்று நான் உறுதி கூறவில்லை. முதலில் நான் கற்றுவந்து சொல்லித் தருவதாகக் கூறினேன். முதுகலையில் மின் வேதியியல் பயில்வது என்று அன்றே முடிவு செய்தேன்.

நண்பர்களே! நாம் நடக்கும் இச்சாலையின் இருபுறமும் ஒரு மனிதரின் நம்பிக்கை கட்டடங்களாக நிற்கிறது. நாளை காலை வகுப்புக்கு வரும்போது அந்த ஆய்வகத்தின் வாயிலை ஒரு முறை நின்று பாருங்கள். அடுத்த முறை அது திறந்திருக்கும் நாளில் உள்ளே சென்று கேள்வி கேளுங்கள். வள்ளலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாக இருக்கட்டும்!