ஆவணங்களால் எண்ணெய்ப் பேரரசை அசைத்தவர்

நீரழுத்தத்தால் பாறையைப் பிளந்து எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் 'ஹைட்ராலிக் பிராக்சரிங்' முறையை அரசு எந்த அளவுக்குக் கட்டுப்படுத்த வேண்டும் என்ற விவாதம் எழும்போதெல்லாம், அம்முறை தோன்றுவதற்கு முன்பே மறைந்துவிட்ட ஒருவரை நான் நினைத்துக்கொள்வதுண்டு. அவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஐடா டார்பெல்.

1857-இல் பென்சில்வேனியாவில் பிறந்தார். அவருக்கு இரண்டு வயது நிறைவதற்குச் சற்று முன்பு, அம்மாநிலத்தின் டைட்டஸ்வில் அருகே எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. ஐடாவின் தந்தை எண்ணெய் சேமிக்கும் மரத்தொட்டிகள் செய்து பிழைத்தார். பின்னர் எண்ணெய்த் தொழிலிலும் இறங்கினார். 1872-இல் ராக்பெல்லர் உள்ளிட்ட சுத்திகரிப்பாளர்கள் சிலர் ரயில் நிறுவனங்களுடன் இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவர்களுக்குக் கட்டணச் சலுகை. மற்றவர்களுக்குக் கட்டண உயர்வு. அந்த உயர்விலும் ஒரு பங்கு ராக்பெல்லர் தரப்புக்கே சேரும் என்பது ஏற்பாடு. செய்தி கசிந்ததும் எண்ணெய் வட்டாரம் கொதித்தெழுந்தது. எதிர்த்து நின்றவர்களில் ஐடாவின் தந்தையும் ஒருவர். ஒப்பந்தம் முறிந்தது, ஆனால், ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் வளர்வது நிற்கவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1902-இல், 'மெக்லூர்ஸ்' இதழில் அந்நிறுவனத்தின் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கினார் ஐடா. குடும்பம் பட்ட காயத்தை அவர் ஆயுதமாக்கவில்லை. நீதிமன்றச் சாட்சியங்களையும் விசாரணைக் குழுக்களின் பதிவுகளையும் தேடிப் படித்தார். நிறுவனத்தின் நிர்வாகத் திறனை மறைக்காமல் பாராட்டினார். முறைகேடான சலுகைகளைத்தான் கண்டித்தார். 1904-இல் தொடர் நூலாக வந்தது. 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஸ்டாண்டர்டு ஆயிலை 34 நிறுவனங்களாகப் பிரித்தது. இத்தனை துணிவுள்ளவர் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்ற இயக்கத்தை ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1944-இல் அவர் மறைந்தார். மூன்றே ஆண்டுகளில் கான்சாஸ் மாநிலத்தின் ஹியூகோட்டன் எரிவாயுக் களத்தில் நீரழுத்தப் பிளப்பு முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது. சோதித்த ஸ்டேனோலிண்ட், பிரிந்த அந்த 34-இல் ஒன்றான இந்தியானா ஸ்டாண்டர்டு ஆயிலின் துணை நிறுவனம். பின்னாளில் ஐடாவின் சொந்த மாநிலமே இம்முறையின் முக்கியக் களமானது.

2005-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய எரிசக்திச் சட்டம், டீசல் கலந்து செய்வதைத் தவிர்த்து, இம்முறைக்குக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்தல் விதிகளிலிருந்து விலக்களித்தது. செலுத்தும் வேதிப்பொருள்கள் சிலவற்றை வணிக இரகசியம் என மறைக்கவும் நிறுவனங்களுக்கு இடமிருக்கிறது. தன் கிணற்று நீர் கெட்டுவிட்டதாக ஐயுறும் விவசாயி, எந்தப் பொருளுக்காக நீரைச் சோதிப்பார்?

1872-இல் மறைக்கப்பட்டது கட்டணப் பட்டியல். இன்று மறைக்கப்படுவது வேதிப்பொருள் பட்டியல். எண்ணெய்த் தொழிலை ஒழிக்க வேண்டும் என்று ஐடா எழுதவில்லை. அதன் கணக்கைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார். ஒழுங்குமுறைச் சட்டம் எதுவாயினும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.