ஈவ் லெ பிரியர்

ஈவ் லெ பிரியர் (மார்ச் 23, 1885 – ஜூன் 1, 1963) பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். கரையுடனோ படகுடனோ குழாயால் பிணைக்கப்படாமல், முதுகில் சுமந்து செல்லும் காற்று உருளையின் துணையுடன் ஆழம் குறைந்த நீரில் இயங்க உதவும் எளிய சுவாசக் கருவியை 1926 ஆம் ஆண்டில் உருவாக்கியமைக்காக இவர் பெரிதும் அறியப்படுகிறார்.

இளமையும் கடற்படைப் பணியும்

லெ பிரியர் பிரான்சின் பிரித்தானி பகுதியிலுள்ள லோரியான் துறைமுக நகரில் பிறந்தார். கடற்படையில் சேர்ந்து கிழக்காசியாவில் பணியாற்றினார். ஜப்பானில் இருந்தபோது, அந்நாட்டுக் கடற்படை அதிகாரி ஐஹாரா ஷிரோ, பேராசிரியர் தனகடாதே ஐகிட்சு ஆகியோருடன் இணைந்து மூங்கிலால் ஆன மிதவை வானூர்தி ஒன்றை அமைத்தார். 1909 டிசம்பரில் டோக்கியோவின் ஷினொபாசு குளக்கரையில் தானுந்து ஒன்றினால் இழுக்கப்பட்டு அது மேலெழுந்தது. முதலாம் உலகப் போரின்போது பகைவரின் கண்காணிப்புப் பலூன்களை எரிப்பதற்காக வானூர்தியிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளை வடிவமைத்தார். இவை 1916 இல் பயன்பாட்டுக்கு வந்தன. மிக அருகில் சென்றே ஏவ வேண்டியிருந்ததால், பின்னர் தீக்குண்டுகள் இவற்றின் இடத்தைப் பிடித்தன.

அக்காலத்து முக்குளிப்புக் கருவிகள்

நீருக்குள் ஆழம் கூடக்கூட மார்பின் மீதான அழுத்தமும் கூடுகிறது. எனவே நீண்ட குழாய் ஒன்றை நீர்மட்டத்திற்கு மேல் நீட்டி மூச்சு விடுதல் இயலாது. சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்றுத் தரப்பட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவிய உலோகத் தலைக்கவசமும் கனத்த உடையும் இத்தேவையை நிறைவு செய்தன. ஆயினும் அவற்றுக்குப் படகு, காற்றுப் பம்பு, அதனை இடைவிடாது இயக்க ஆட்கள் ஆகியன வேண்டியிருந்தன. சில மீட்டர் ஆழத்தில் செய்யும் சிறு வேலைகளுக்கு இது மிகையான செலவாகும்.

மொரிஸ் பெர்னே என்பவர் இதற்கு எளிய மாற்று ஒன்றை அமைத்தார். வாயில் கவ்வும் குழல், வெளிமூச்சை வெளியேற்றும் இரப்பர் அடைப்பிதழ், மூக்குக் கவ்வி, கண்ணாடி, மேலிருந்து இயக்கப்படும் பம்பு ஆகியவையே அதன் உறுப்புகள். கிரேக்கக் கடற்பஞ்சுக் குளிப்பாளர்களும் இக்கருவியைப் பயன்படுத்தினர். எனினும் மேலே பம்பு நின்றால் கீழே மூச்சும் நின்றுவிடும். குழாயின் நீளமே குளிப்பவரின் எல்லையாக இருந்தது.

பெர்னே-லெ பிரியர் கருவி

1925 இல் பாரிசில் நடைபெற்ற கண்காட்சியொன்றில் பெர்னேயின் கருவியைக் கண்ட லெ பிரியர், பம்பையும் நீண்ட குழாயையும் நீக்கிவிட்டு அழுத்தப்பட்ட காற்று உருளையைச் சேர்க்கலாம் எனக் கருதினார். இதற்காகப் புதிய உருளை எதனையும் செய்யவில்லை. தானுந்துச் சக்கரங்களுக்குக் காற்று நிரப்பப் பயன்பட்ட மிச்செலின் உருளைகளையே எடுத்துக்கொண்டார். இருவரும் இணைந்து உருவாக்கிய கருவி 1926 இல் பாரிசின் தூரெல் நீச்சல் குளத்தில் செய்து காட்டப்பட்டது.

உருளையின் கொள்ளளவு 3 லிட்டர். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 150 கிலோகிராம். நீர்மட்டத்தில் இது ஏறத்தாழ 450 லிட்டர் காற்றுக்குச் சமம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காவதால் அது பாதியாகக் குறைந்துவிடும். காற்றின் அளவைக் குளிப்பவரே கையால் திருகிச் சரிசெய்தார். இரு அழுத்தமானிகளில் ஒன்று உருளையின் இருப்பையும், மற்றொன்று வெளிவரும் காற்றின் அழுத்தத்தையும் காட்டின.

கண்ணாடிக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தத்தைச் சமன்செய்ய வழியில்லாததால், ஆழத்தில் கண்கள் அழுத்தப்பட்டன. இக்குறையைப் போக்க 1933 இல் லெ பிரியர் கண், மூக்கு, வாய் மூன்றையும் மூடும் முழுமுகக் கவசத்தை அமைத்தார். வாய்க்குழலும் மூக்குக் கவ்வியும் தேவையற்றுப் போயின. உருளையும் முதுகிலிருந்து மார்புப் பக்கம் மாற்றப்பட்டது.

குறைபாடு

இக்கருவியில் காற்று இடைவிடாது பாய்ந்தது. மூச்சை வெளிவிடும் நேரத்திலும் காற்று வீணாகியதால் நீருக்குள் தங்கும் நேரம் குறைவாக இருந்தது. மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றுத் தரும் சீராக்கியை ருக்கெரோல், தெனெருஸ் ஆகிய பிரெஞ்சுக்காரர்கள் 1860களிலேயே உருவாக்கியிருந்தனர். லெ பிரியர் அதனைக் கைக்கொள்ளவில்லை. அவ்வகைச் சீராக்கியையும் உயரழுத்த உருளையையும் இணைத்து 1943 இல் குஸ்தோ, கன்யான் ஆகியோர் அமைத்த கருவி, லெ பிரியரின் கருவியைப் பின்தள்ளியது. குஸ்தோவும் முன்னர் லெ பிரியரின் கருவியைப் பயன்படுத்தியவரே ஆவார்.

பிற்காலம்

1935 இல் திரைப்பட இயக்குநர் ஜான் பென்லவேயுடன் இணைந்து முக்குளிப்போருக்கான கழகம் ஒன்றைப் பாரிசில் நிறுவினார். பொழுதுபோக்கு முக்குளிப்புக்கென உலகில் தோன்றிய முதற் கழகங்களுள் இதுவும் ஒன்று. தமது நீரடி அனுபவங்களை 1956 இல் நூலாக வெளியிட்டார். 1963 இல் நீசு நகரில் காலமானார். இவரது கருவி நெடுங்காலம் நிலைக்கவில்லை எனினும், நீருக்குள் செல்பவர் மேலிருந்து வரும் குழாயையும் பம்பு இயக்குபவரையும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதை அது நடைமுறையில் காட்டியது.