குழப்படிப் பிள்ளைகளுக்காக வாதாடிய வைத்தியர்

ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் 'குழப்படிப் பிள்ளை'யை அறிவர். அது ஓரிடத்தில் இராது. தொடங்கிய கணக்கை முடியாது. அருகிலிருக்கும் பிள்ளையையும் இருக்க விடாது. பிரம்பே அதற்கு மருந்தெனக் கொண்ட காலமும் உண்டு. குற்றம் பிள்ளையினுடையதோ, அது உண்ணும் பண்டத்தினுடையதோ என்று உலகைக் கேட்க வைத்தவர் அமெரிக்க வைத்தியர் பெஞ்சமின் பைன்கோல்ட்.

பிட்ஸ்பர்க் நகரில் மருத்துவம் பயின்ற அன்னார், 1928ஆம் ஆண்டளவில் வியன்னா சென்று, பிர்க்கே என்னும் பேரறிஞரின் குழந்தை மருத்துவ நிலையத்திற் பணியாற்றினார். நாம் ஒவ்வாமை என்பதை 'அலர்ஜி' எனப் பெயரிட்டு 1906இல் உலகுக்குத் தந்தவர் அப்பிர்க்கேயே. ஆசான் சென்ற வழியே மாணாக்கரும் சென்றார். தெள்ளுக்கடியினால் உண்டாகும் ஒவ்வாமையையும் விடாது ஆராய்ந்தார். 1951இல் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கைசர் மருத்துவ நிலையத்தில் ஒவ்வாமைப் பிரிவின் தலைவரானார்.

1965இல் முகம் தடித்து வீங்கிய பெண்மணி ஒருவர் அவரிடம் வந்தார். செயற்கை நிறமும் சுவையூட்டியும் கலந்த உணவுகளைப் பைன்கோல்ட் விலக்கச் செய்தார். இரு வாரங்களுக்குள் வீக்கம் வற்றியது. வியப்பு அதுவன்று, அப்பெண்மணியை நெடுநாள் வருத்திய சினமும் படபடப்பும் உடன் தணிந்தன. உணவு தோலை மட்டுமன்றி மனத்தையும் தீண்டுமோ? இவ்வினா அவரை விடவில்லை.

துடியாட்டம் மிக்க சிறுவருக்கும் அதே பத்தியத்தை விதித்தார். சாலிசிலேற்று என்னும் பொருளை இயல்பாகவே உடைய அப்பிள், தோடம்பழம், தக்காளி முதலியனவும் விலக்கப்பட்டன. பத்தியம் நம் பாட்டிமாருக்குப் புதிதன்று. வைத்தியர் சபையில் அதை நிலைநாட்டுவதே அரிது. 1973இல் அமெரிக்க மருத்துவச் சங்க மாநாட்டில் அவர் தம் முடிவை வெளியிட்டார். நூற்றுக்கு 30 முதல் 50 பிள்ளைகள் வரை குணம் கண்டனர் என்பது அவர் கணக்கு. தாய்மார் நம்பினர், அறிஞர் ஐயுற்றனர்.

ஐயம் நியாயமானதே. பத்தியம் காக்கும் வீட்டிற் பெற்றோர் கவனம் முழுதும் பிள்ளைமேல் விழும். பிள்ளை திருந்தியது உணவினாலோ, அந்தக் கவனத்தினாலோ? ஆகவே நிறம் கலந்தது எது, கலவாதது எது எனத் தாயும் பிள்ளையும் அறியாதவாறு கொடுத்துச் சோதித்தனர். அவர் சொன்ன பெரும்பலன் கிட்டவில்லை. ஒரு சிலரிடமே மாற்றம் தெரிந்தது. 1982 மார்ச்சில், வாதம் முடியாமலே, பைன்கோல்ட் மறைந்தார்.

2007இல் இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார், 3 வயதுப் பிள்ளைகளுக்கும் 8, 9 வயதினருக்கும் நிறமூட்டிகளும் சோடியம் பென்சோயேற்றும் கலந்த பானம் கொடுத்துப் பார்த்தனர். துடியாட்டம் சிறிதளவு கூடியது. எல்லாரிடத்தும் ஒரே அளவிலன்று. 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், ஆறு நிறமூட்டிகளுள் எதனையேனும் கொண்ட உணவுப் பொதியில், அது பிள்ளைகளின் கவனத்தையும் செயலையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை அச்சிடுவது சட்டமாயிற்று. அவற்றுள் மூன்று சிவப்பு, இரண்டு மஞ்சள், ஒன்று செம்மஞ்சள். நயினாதீவுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோர் இனிப்புக் கடைகளில் இந்நிறங்களைக் காணாதிரார்.